தீப்பந்தம் ஏற்றாத வியாழக்கிழமை

“வீட்டை வாங்கிட்டியா? வாங்கப் போறேன்னு சொல்லலை, வாங்கியாச்சுன்னு சொல்றே!”

“கத்தாதே கேஸினா. சன்னலெல்லாம் திறந்திருக்கு.”

“திறந்திருக்கட்டும். என்னைத் தவிர இந்த ஊர்ல எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்தானே? புதுசா யார் காதுல விழப்போகுது?”

அவள் சொன்னது நியாயம். எங்களுக்கு நவம்பரிலேயே தெரியும்.

திறந்திருந்த சன்னல்களில் ஒன்று என்னுடையது. ரொட்டி உருண்டை வேகும்போது ஆவி வெளியே போக வேண்டுமென்று திறந்துவைப்பேன். ஃபிலோமேனாவின் விடுதி முற்றத்தில் யாராவது குரல் உயர்த்தும் போதெல்லாம் நம் வீட்டில் உருண்டை வேகிறது என்பார் என் கணவர். அவர் பேச்சை விடுங்கள். எங்கள் வீட்டுக்கும் விடுதிக்கும் நடுவில் ஒரு சந்துதான். காரிலிருந்து இறங்கும் விருந்தாளி தும்மினால்கூட எனக்குக் கேட்கும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

டெட்லெஃப் வடக்கு ஜெர்மனிக்காரர். மாட்டையும் காற்றாலையையும் விட்டால் நிமிர்ந்து நிற்கும் பொருளே இல்லாத ஊரில் பல் வைத்தியராக இருந்து, போன இலையுதிர் காலத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தார். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு பிப்ரவரி தவறாமல் ஃபிலோமேனாவின் விடுதிக்கு வந்தவர். முதலில் மனைவி கேஸினாவோடு, பிறகு மகள் வீப்கெயையும் சேர்த்துக்கொண்டு. இது முப்பதாவது குளிர்காலம். எங்கள் மலைக் கிராமமான ஹின்டர்லானில் மேயர்கள் நான்கு பேர் மாறிவிட்டார்கள், பாதிரியார்கள் மூன்று பேர். டெட்லெஃப் மட்டும் மாறவில்லை.

பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிவிட்டால் அந்த மனிதர் பாதி வயதுக்குப் போய்விடுவார். வீப்கெ நடக்கக் கற்றதும் சறுக்கக் கற்றதும் ஒரே வருஷம். கேஸினாதான் சறுக்க மாட்டாள். முதல் வருஷம் அவளை மேலே அழைத்துப் போய், கட்டைகளை மாட்டிவிட்டு, “பின்னாலேயே வா” என்று சொல்லிவிட்டு டெட்லெஃப் இறங்கிப் போய்விட்டார். அவள் மலை முழுவதையும் உட்கார்ந்தபடியே இறங்கினாள். பாதியில் ஒரு முழங்கால் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் வேலை மேசை பிடிப்பது. சறுக்காத விருந்தாளிகளுக்கு ஹின்டர்லானில் என்னென்ன இன்பங்கள் என்று சுற்றுலா அலுவலகத்தார் வண்ணத்தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள்: பனி நடைபாதை, வெந்நீர்க் குளம், குதிரை வண்டி. உண்மையில் அவர்களுக்கு இருப்பது மேசை பிடிக்கிற வேலை. காலையில் கேபிள் காரில் மேலே போக வேண்டும். மலை உணவகத்தில் வெயில் விழும் மேசையாகப் பார்த்து, பெஞ்சு நெடுகக் கையுறை, துண்டு, பை என்று பரப்பி, முறைப்பவர்களைத் திருப்பி முறைத்து, சறுக்கப் போனவர்கள் பசியோடு வரும்வரை காக்க வேண்டும். வந்தவர்கள் சூப்பு குடித்துக்கொண்டே அந்தச் சரிவு எப்படி, இந்தச் சரிவு எப்படி என்று பேசிவிட்டு மறுபடி போய்விடுவார்கள். மிச்ச மூட்டைகளோடு கடைசி கேபிள் காரில் இறங்க வேண்டும். கேஸினா இதுவரை பிடித்த மேசைகளை வரிசையாகப் போட்டால் ஊருக்கே விருந்து வைக்கலாம்.

“வருஷத்துக்கு ஒரு வாரம்னு சொன்னே, சரின்னேன். ஈஸ்டருக்கும்னே, சரின்னேன். இப்போ சாகறவரைக்குமா?”

“இங்க காத்து எவ்வளவு சுத்தம்! உன் மூச்சிரைப்புக்கு நல்லதுன்னுதான்...”

“எனக்கு மூச்சிரைப்பே இந்த ஊர்ல கால் வெச்சாத்தான் வருது!”

அவர் வாங்கியிருந்தது மாதாகோயிலுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய கட்டடத்தில் இரண்டு அறை, ஒரு பால்கனி. பால்கனியில் நின்றால் முன் சரிவு முழுவதும் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் வெளியாள் வீடு வாங்கிப் பூட்டிப்போட்டுவிட்டு விடுமுறைக்கு மட்டும் வந்து போக முடியாது. வாங்கினால் வருஷம் முழுக்கக் குடியிருக்க வேண்டும். “பொண்டாட்டி அங்க, நீங்க இங்கன்னா எவனும் நம்ப மாட்டான் டாக்டர்” என்று மேயர் சொல்லிவிட்டார். “ரெண்டு பேரும் வந்து பதிஞ்சுக்குங்க.” யார் குடியிருக்கிறார்கள், யார் குடியிருப்பதாக நடிக்கிறார்கள் என்று கண்காணிக்க ஊராட்சி சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை. நாங்கள் சும்மாவே பார்ப்போம். எந்தப் பால்கனியில் பனி வாரவில்லை, எந்த வாசலுக்குக் குப்பைத் தொட்டி வரவில்லை என்று மாதாகோயில் பூசை முடிந்து வீடு திரும்புவதற்குள் முடிவு கட்டிவிடுவோம்.

ஆகவே கேஸினா வராமல் அந்த வீடு இல்லை.

“வெள்ளிக்கிழமை காலைல ஊராட்சிக்கு வந்து ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே கேக்கறேன்?”

“என் மிச்ச ஆயுசைக் கேக்கறே. அதை அவ்வளவுதானேங்கறே.”

“நாளைக்கு மேடையில நான் எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன், நாங்களும் இனிமே ஹின்டர்லான்காரங்கன்னு. நீ பக்கத்துல நின்னு சிரிச்சா போதும்.”

“சொல்லிப் பாரு. சிரிக்கறேனா இல்லையான்னு அப்போ தெரியும்.”

கார்க் கதவு அறைந்தது. உருண்டைகள் என் பானையில் கரைந்து கூழாகிவிட்டிருந்தன.

மேடை என்றது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை. விடாமல் வரும் விருந்தாளிக்குப் பத்தாம் வருஷம் வெண்கலப் பதக்கம், இருபதில் வெள்ளி, முப்பதில் தங்க முலாம். ஊர்க் கூடத்தில் பேண்டு வாத்தியம் முழங்க, மேயர் அதை விருந்தாளியின் சட்டையில் குத்திவிட்டு, ஒரு சிறிய கிளாஸில் பழச்சாராயம் ஊற்றிக் கொடுப்பார். ஊர்ச் செய்தித் தாளில் படம் வரும். சிலர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். டெட்லெஃப் மாதிரி சிலருக்கு அது கோயில் பரிவட்டம். வெண்கலத்தையும் வெள்ளியையும் தொப்பியில் குத்திக்கொண்டுதான் காலையில் ரொட்டி வாங்கவே வருவார். எங்களோடு எங்கள் வட்டாரப் பேச்சில் பேச முயல்வார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்போம்.

முப்பது வருஷம் என்பது அபூர்வம் என்பதால் இந்த முறை சுற்றுலா அலுவலகம் ஒரு படி மேலே போனது. வெள்ளிக்கிழமை தோறும் சறுக்குப் பயிற்சியாளர்கள் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு முன் சரிவில் வரிசையாக இறங்குவார்கள். அதை டெட்லெஃபுக்காக வியாழனுக்கு மாற்றினார்கள். இருட்டிய மலையில் பந்தங்களாலேயே முப்பது என்று எழுதிக் காட்டுவதாகத் திட்டம். முன்வரிசையில் பந்தம் பிடித்து வரப்போவது மகள் வீப்கெ. பயிற்சியாளன் ஸெவெரின் அவளுக்கு மூன்று நாளாக மாலையில் ஒத்திகை கொடுத்துக்கொண்டிருந்தான். ஒத்திகைக்கு அவ்வளவு நேரம் ஆகுமா என்று ஃபிலோமேனாவிடம் கேட்டேன். “உனக்கு எதுக்கு அது?” என்றாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

டெட்லெஃபுக்கு மட்டும் தெரியக் கூடாது. எங்கள் ஊரில் ஒருவன் வீட்டில் புதுப் படுக்கை வாங்கினால் அது மாடி ஏறுவதற்குள் அடுத்த பள்ளத்தாக்கு வரை தெரிந்துவிடும். அந்த ஊர் இந்த ஒரு விஷயத்தில் வாயைக் கட்டிக்கொண்டது. ரொட்டிக் கடையில் அவர் நுழைந்ததும் எல்லோரும் வானிலை பேசினோம்.

வியாழக்கிழமை காலை முற்றத்தில் வீப்கெ தன் அம்மாவைத் தனியாகப் பிடித்தாள். நான் சன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, கடைசி கேபிள் கார்ல அப்பாவை இறங்க விடாதே. வந்தா நாங்க கீழ பந்தத்தோட நிக்கறதைப் பாத்துருவார். மேல யோடோக்கோட சாப்பாட்டுக் கடையிலயே உக்கார வெச்சிரு. அல்பான் எந்திரத்துல வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு வருவான்.”

“அவனை நான் உக்கார வெச்சு உக்காந்திருக்கானா என்னிக்காவது?”

“கேக்கு சாப்பிடணும்னு சொல்லு. கால் வலின்னு சொல்லு. ஏதாவது சொல்லு. பந்தத்தைப் பத்தி மட்டும் மூச்சு விடாதே. அப்பாவோட சந்தோஷம் எதுவா இருந்தாலும் நீ கெடுத்துருவே. இந்த ஒரு தடவையாவது கெடுக்காம இரும்மா.”

கேஸினா துண்டையும் கையுறைகளையும் பையில் திணித்தாள். பிறகு, “சரி. கெடுக்கலை” என்றாள்.

அல்பான் ஃபிலோமேனாவின் மகன். மாலையில் சரிவுகளை மூடிய பிறகு பனியைக் கிளறிச் சமப்படுத்தும் எந்திரத்தை ஓட்டுபவன். அவன் பிறந்த வருஷத்திலிருந்தே டெட்லெஃபுக்குப் பழக்கம். முதல் பால்பல் ஆடியபோது பிடுங்கியதே அவர்தான். அந்தப் பல்லுக்குக் காசு கேட்கவில்லை என்று ஃபிலோமேனா இன்னும் சொல்வாள்.

எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பின் சரிவு காட்டுக்குள் சாவகாசமாக வளைந்து இறங்குவது. முன் சரிவு செங்குத்து. எந்திரம் தன் பலத்தில் அதில் ஏறாது. உச்சியில் ஒரு முளையில் இரும்பு வடத்தைக் கட்டி, அதைச் சுருட்டிக்கொண்டே ஏறும், விட்டுக்கொண்டே இறங்கும். வடம் பனிக்குள் புதைந்து கிடக்கும். எந்திரம் வளைவில் திரும்பியதும் வடம் விறைத்து எழுந்து, சரிவின் குறுக்கே ஆள் மார்பு உயரத்துக்குத் தாவும். விரல் பருமன்தான். அந்தியில் கண்ணுக்குத் தெரியாது. மூடிய சரிவில் இறங்காதே என்பதை எங்கள் குழந்தைகளுக்கு நாங்கள் சூப்போடு சேர்த்து ஊட்டுகிறோம்.

ஊட்டிவிட்டு நாங்களே இறங்குவோம், அது வேறு. ஏனென்றால் வியாழக்கிழமைகளில் அல்பான் முதலில் பின் சரிவுக்குப் போவான். இரவு உணவுக்குப் பிறகுதான் முன் சரிவுக்கு வருவான். இது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். யோடோக் கடையில் ஒரு கிளாஸ் அதிகம் போட்டவர்கள் வியாழனன்று தடுப்புக் கயிற்றைத் தூக்கிவிட்டு முன் சரிவில் சர்ரென்று வீட்டுக்கு வந்துவிடுவார்கள். விருந்தாளிகளில் இது தெரிந்த ஒரே ஆள் டெட்லெஃப். அது தெரியும் என்பதில் அவருக்கு வெள்ளிப் பதக்கத்தைவிடப் பெருமை.

அந்த வியாழன் பந்தங்கள் முன் சரிவில் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் அதைச் சமப்படுத்த வேண்டும். அதனால் அல்பான் சரிவு மூடிய கையோடு முன் சரிவுக்குத்தான் போனான். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். பந்தத்தை மறைக்கப் போய் அதையும் சேர்த்து மறைத்தோம். மறைக்கிறோம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

மேலே நடந்ததை யோடோக் சொல்லித்தான் தெரியும். உணவகத்துக்காரன், கல்லாவுக்குப் பின்னால் நின்று தட்டுத் துடைப்பதுபோல எல்லாம் கேட்பான். அந்த விஷயத்தில் என் சாதி.

மத்தியானமெல்லாம் டெட்லெஃப் நல்ல குஷியில் இருந்தாராம். கேஸினா பிடித்துவைத்த மேசையில் சூப்பு குடித்தார், மறுபடி இரண்டு முறை சறுக்கிவிட்டு வந்தார். வெயில் சாய்ந்து கூட்டம் கலைந்தது. கடைசி கேபிள் காருக்கு மணி அடித்தபோது அவள் இனிப்பு அடை ஒன்று கொண்டுவரச் சொன்னாள்.

“இப்பவா? கேபிள் கார் போயிடுமே!”

“பசிக்குது.”

“நீயா? நீயா மேல இருக்கணுங்கறே?” அவர் முகம் மலர்ந்துவிட்டது என்றான் யோடோக். மனைவிக்கு மலை பிடித்துவிட்டது, வீட்டுக்குச் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்தியா, எல்லாரும் போனப்பறம் எவ்வளவு அமைதி! தினமும் இப்படி இருக்கலாம் கேஸினா.”

“தினமும் வேண்டாம். இன்னிக்கு மட்டும் உக்காரு.”

“அப்போ நாளைக்குக் கையெழுத்து?”

“அதை இப்போ பேச வேண்டாம்.”

“எப்பத்தான் பேசறது? கூடத்துல எல்லாரும் காத்திருப்பாங்க. நான் மேடையில என்ன சொல்லணும்?”

“பதக்கத்தைக் குடுத்தா நன்றின்னு சொல்லு.”

அவர் கையை விட்டார். “ஒரே வார்த்தை. வர்றியா, இல்லையா?”

அவள் அடையை முள்கரண்டியால் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டே இருந்தாளாம். கடைசியில், “இல்லை. நீ இங்க இருந்துக்கோ, டெட்லெஃப். நான் எங்க ஊர்ல இருந்துக்கறேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள்.

டெட்லெஃப் எழுந்து தொப்பியை மாட்டினார்.

“எங்க போறே?”

“கீழ. எனக்கு மரியாதை பண்றவங்க கீழதான் இருக்காங்க.”

“உக்காரு. அல்பான் வந்து கூட்டிட்டுப் போவான்.”

“என்னையா? மூட்டை மாதிரியா? அது உனக்கு. இன்னிக்கு வியாழக்கிழமை, அவன் பின் சரிவுல இருப்பான். அவன் முன் சரிவுக்கு வர்றதுக்குள்ள நான் குளிச்சு முடிச்சிருப்பேன்.”

“போகாதே.”

“ஏன்?”

இந்த இடத்தில் யோடோக் ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பான். அவள் வாயைத் திறந்தாளாம். திறந்து மூடினாளாம்.

“சும்மாத்தான் சொல்றேன். போகாதே. கொஞ்ச நேரம் இரு.”

“முப்பது வருஷமா இதே பாட்டு. போகாதே, வேகமாப் போகாதே, இருட்டிடும், விழுந்துடுவே. நீ பயந்ததுக்கு நான் உக்காரணுமா?”

சறுக்குக் கட்டைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவள் பின்னாலேயே வாசல்வரை போய் யோடோக்கைக் கூப்பிட்டாள். அவன் சமையலறையில் தொலைபேசியில் இருந்தான். கீழே சுற்றுலா அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தானாம்: “ஆள் பத்திரமா இங்கதான் இருக்கார். அடை தின்னுட்டிருக்காங்க.”

அவன் வெளியே வந்தபோது தடுப்புக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. “எந்தப் பக்கம் போனாரு?” என்று கேட்டான். கேஸினா முன் சரிவைக் காட்டினாள். யோடோக் கத்திய கத்தலை அவள் அப்போதுதான் முதல்முறை கேட்டிருப்பாள். ஆனால் எதற்குக் கத்துகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. மேசை பிடிக்கிறவளுக்கு வடத்தைப் பற்றி யார் சொல்லியிருக்கிறார்கள்?

டெட்லெஃப் பின் சரிவில் எந்திரத்தின் மஞ்சள் விளக்கைத் தேடியிருப்பார். காட்டுக்குள் இருக்கும், அதனால் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். எந்திரம் முன் சரிவின் இடுப்புக்குக் கீழே, வளைவுக்கு அப்பால் இருந்தது. அல்பான் திரும்பினான். வடத்தில் ஒரு சின்ன அதிர்வு தெரிந்தது, பனிக்கட்டியில் சிக்கியதுபோல என்று பிறகு விசாரணையில் சொன்னான். இன்னும் கொஞ்ச தூரம் ஏறினான். அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் ஒற்றைச் சறுக்குக் கட்டை ஆளில்லாமல் அவனை நோக்கி இறங்கி வந்தது.

கீழே கேபிள் கார் நிலையத்தில் வீப்கெயும் பயிற்சியாளர்களும் பந்தங்களோடு மேலே போகக் காத்திருந்தார்கள். ஊர்க் கூடத்து வாசலில் நாங்கள் எல்லோரும் நின்றோம். பேண்டுக்காரர்கள் உதடு உறையாமல் இருக்க ஊதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். மேயர் கையில் பதக்கப் பெட்டி. ஃபிலோமேனா தன் மகனுடைய எந்திரத்தின் விளக்கு முன் சரிவில் நின்றுவிட்டதைக் காட்டி, “என்ன இவன், நேரமாச்சுன்னு தெரியாம நிக்கறான்?” என்றாள்.

“உன் பிள்ளைதானே. உன் சுறுசுறுப்பு” என்றேன்.

அவளும் சிரித்தாள். விளக்கு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் தீயணைப்புக்காரர்களின் அவசர அழைப்புக் கருவிகள் ஒவ்வொருவர் இடுப்பிலும் கீச்சிட ஆரம்பித்தன. எங்கள் ஊரில் பேண்டு வாசிப்பவர்களும் மீட்புக் குழுவும் ஒரே ஆட்கள்தான். எக்காளங்களைப் பனியிலேயே வைத்துவிட்டு ஓடினார்கள். மேயர் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கேஸினாவைக் கடைசியில் கேபிள் காரைத் தனியாக ஓட்டித்தான் இறக்கினார்கள். அவள் ஒருத்திக்காக அத்தனை பெரிய பெட்டி இறங்கி வந்தது. கணவனின் கையுறை, மகளின் துண்டு, பை எல்லாவற்றையும் எடுத்து வந்திருந்தாள். வீப்கெ ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் ஸெவெரின் பக்கத்தைவிட்டு அசையவில்லை.

உடலை அவர்கள் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். அடக்கத்துக்கு ஃபிலோமேனா போனாள். அல்பான் போகவில்லை, அறைக் கதவைத் திறக்கவே இல்லை. அவனுடைய எந்திரத்தை வேறொருவன் ஓட்டினான். வார இறுதியில் புதிய விருந்தாளிகள் வந்து முன் சரிவு பிரமாதம் என்றார்கள்.

ஏப்ரலில் விசாரணைக்குத் தாயும் மகளும் வந்தார்கள். பலகை இருந்தது, கயிறு இருந்தது, மஞ்சள் விளக்கு எரிந்தது. யார் மேலும் குற்றமில்லை என்று ஆயிற்று. திரும்பி வந்து முற்றத்தில் காரிலிருந்து இறங்கியதும் சண்டை ஆரம்பித்தது. பனி கரைந்து ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததால் எனக்குச் சரியாகக் கேட்பதற்காகக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

“அந்த வீட்டை வித்துடலாம் வீப்கெ. வாங்க ஆள் இருக்குன்னு மேயர் சொல்றார்.”

“விக்க மாட்டேன். பாதி என்னோடது.”

“யார் இருப்பாங்க அதுல?”

“நான் இருப்பேன். வருஷம் முழுக்க. அப்பா ஆசைப்பட்ட எடம். நீதான் அவரை இங்க இருக்க விடலை.”

“நான் போகாதேன்னேன். எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா?”

“காரணம் சொன்னியா? உனக்காகப் பந்தம் வருதுப்பான்னு ஒரு வார்த்தை! அதைச் சொல்லியிருந்தா குழந்தை மாதிரி உக்காந்திருப்பார். ஏன் சொல்லலை? உன் கோபம். உன் வீறாப்பு. அவர் முகத்துல சந்தோஷத்தைப் பாக்கப் பிடிக்கலை உனக்கு.”

 சொல்லாதே என்று யார் சொன்னது என்று கேஸினா கேட்டிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். முற்றத்தில் நின்ற ஃபிலோமேனாவுக்குத் தெரியும், சன்னலில் நின்ற எனக்குத் தெரியும்.  அவள் கேட்கவில்லை. குனிந்து தன் பையை எடுத்துக்கொண்டாள்.

“உன் பாதி உனக்கு. என் பாதியும் உனக்கே இருக்கட்டும். என்னைக் கூப்பிடாதே.”

“கூப்பிடப் போறதில்லை.”

ரயில் நிலையத்துக்கு அவளை என் கணவர்தான் காரில் கொண்டுவிட்டார். வழியெல்லாம் அவள் எதுவும் பேசவில்லை என்றார். என் கணவர் கேட்கத் தெரியாதவர். நான் போயிருக்க வேண்டும்.

வீப்கெ ஸெவெரினை மறுவருஷம் அக்டோபரில் கட்டிக்கொண்டாள். பெண் வீட்டுப் பக்கம் மூன்றே நாற்காலிகள் நிறைந்தன, உட்கார்ந்தவர்கள் எல்லாம் டெட்லெஃபின் பழைய நோயாளிகள். மாதாகோயிலுக்குப் பின்னால் இரண்டு பேரும் குடியிருக்கிறார்கள். பால்கனியில் பனி வாரியிருக்கிறது, தொட்டி வாசலுக்கு வருகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் குடிக்க ஆரம்பித்திருக்கிறான் என்று கேள்வி. அல்பான் அதற்குப் பிறகு எந்திரத்தைத் தொடவே இல்லை. ஹங்கேரி எல்லைப் பக்கம், வயலும் வானமும் மட்டும் இருக்கிற ஊரில், பேருந்து ஓட்டுகிறான். அங்கேயே இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு விதவையை மணந்துகொண்டான். ஃபிலோமேனா விடுதியை ஒரு ஹாலந்துக்காரருக்கு விற்றுவிட்டு மகனோடு போய்விட்டாள். புதுக்காரர் முற்றத்தைச் சுற்றி உயரமான மரவேலி போட்டிருக்கிறார். கேஸினா வடகடல் தீவொன்றுக்கு வீடு மாற்றிக்கொண்டதாகவும், தனியாகத்தான் இருப்பதாகவும், வீப்கெக்குக் குழந்தை பிறந்த செய்தியை ஃபிலோமேனாதான் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னதாகவும் அறிந்தேன். பெயர் என்ன என்று மட்டும் கேட்டாளாம்.